உதிரித்தாள்களின் காவலர் ரோஜா முத்தையா

ஆனியும் ஆடியும் வந்து குற்றாலத்தில் சாரல் தொடங்கியதும் தென்காசி நகரின் சுவர்கள் புத்தாடை புனைந்துகொள்ளும். தங்கும் விடுதி விளம்பரம், பொருட்காட்சி அறிவிப்பு, திரைப்படச் சுவரொட்டி, கடைத்திறப்பு அழைப்பு என ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டப்பெறும் தாள்களுக்குக் கணக்கில்லை. ஒட்டச் செய்த கூட்டத்தை அழைத்து வந்த அதே சாரல் அவற்றை நனைத்துக் கிழித்துச் சாக்கடையில் சேர்த்துவிடும். பருவம் முடிந்தபின் அவற்றை நினைப்பார் ஒருவருமிலர்.

கல்லின் கதை வேறு. தென்காசிப் பெருங்கோயிலை 1446ஆம் ஆண்டில் எழுப்பத் தொடங்கிய பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் இதனைப் பேணிக் காப்பவர் எவராயினும் அவர்தம் அடிகளை வணங்குவதாகக் கல்வெட்டில் பொறித்து வைத்தான். முடியுடை மன்னன் ஒருவன், முகமறியாத ஒருவனை, அவன் பிறப்பதற்கு முன்னரே தொழுது வைத்த அருஞ்செயல் அது. பன்னெடுங்காலம் சிதைந்து கிடந்த இராச கோபுரம் 1990இல் மீண்டும் எழுந்து நின்றபோது அவ்வேண்டுகோளுக்கு விடை கிடைத்தது என்று நம் ஊரார் மகிழ்ந்தனர்.

காகிதத்துக்காக அவ்வாறு கைகூப்பி வேண்டிக்கொண்டவர் எவருமில்லை. யாரும் வேண்டாமலேயே அதைக் காத்த ஒருவர் தமிழ்நாட்டில் இருந்தார். செட்டிநாட்டுக் கோட்டையூரில் வாழ்ந்து 1992இல் மறைந்த ரோஜா முத்தையா செட்டியாரே அவர். அறிஞர் உலகம் அவரைப் பெரும் நூல் திரட்டாளராகப் போற்றுகிறது. அப்புகழ் உரியதே. ஆயினும் நூலைச் சேர்த்தவர் தமிழகத்தில் வேறு பலரும் உளர். நூலோடு நாடக விளம்பரத்தையும், திருமண அழைப்பிதழையும், திரைப்படப் பாட்டுப் புத்தகத்தையும் ஒரே மதிப்போடு சேர்த்தவரைக் காண்பது அரிது. அவ்வருமையை முன்னிறுத்தியே அவர் வாழ்வை ஈண்டு நோக்க விழைகின்றோம்.

கோட்டையூர், காரைக்குடிக்கு அணித்தே உள்ள சிற்றூர். ஊர் சிறிதாயினும் அது ஈன்ற மக்கள் பெரியோர். காரைக்குடியில் கல்லூரிகளை நிறுவிய வள்ளல் அழகப்பர் 1909இல் பிறந்தது அவ்வூரில்தான். காந்தியடிகளைப் பற்றிய படச்சுருள்களைத் தேடி உலகெங்கும் ஏறத்தாழ ஓர் இலட்சம் மைல் அலைந்து, ஐம்பதாயிரம் அடிச் சுருளைத் திரட்டி, 1940இல் ஆவணப்படமாக வெளியிட்ட ஏ.கே. செட்டியாரும் அவ்வூரினரே. அவர் 1943 முதல் நடத்திய 'குமரி மலர்' இதழில் மறந்துபோன பழங்கட்டுரைகளைத் தேடியெடுத்து மறுபதிப்புச் செய்து வந்ததும் பலர் அறிந்தது. தேடிச் சேர்ப்பது அவ்வூர்த் தண்ணீரின் குணமோ என்று எண்ணத் தோன்றுகிறது.

முத்தையா இளமையில் சென்னைக்குச் சென்றது ஓவியம் பயில்வதற்காக. விளம்பரப் பலகை எழுதுவதே அங்கு அவர் மேற்கொண்ட தொழில். இச்செய்தியைச் சிலர் ஒரு வரியில் கடந்துவிடுவர். நாமோ அவர் வாழ்வைத் திறக்கும் திறவுகோல் இதில் உள்ளதென்று கருதுகின்றோம். பலகை எழுதுவோன் ஒரு சொல்லைப் பொருளுக்காக மட்டும் பார்ப்பதில்லை. எழுத்தின் சுழி எங்கே தடிக்க வேண்டும், எங்கே மெலிய வேண்டும், நிழல் எந்தப் பக்கம் விழ வேண்டும், தெருவின் மறுகோடியில் நிற்பவன் கண்ணை எந்த நிறம் இழுக்கும் என்பன அவனுக்கு வயிற்றுப்பாடு. அத்தகைய கண்ணுக்கு ஒரு பழைய நாடக நோட்டீஸ் வெறும் செய்தித்தாள் அன்று. மரத்தில் செதுக்கிய பெரிய எழுத்துகளை அடுக்கி, ஓரத்தில் பூங்கொடி வரிந்து, நடுவே நடிகரின் படத்தைப் பொருத்தி, மஞ்சளும் இளஞ்சிவப்புமான மெல்லிய தாளில் அச்சுக்கோத்தவன் காட்டிய கைவண்ணம் அது. அவன் பெயர் அத்தாளில் இராது. அவன் தொழிலை அறிந்த மற்றொரு தொழிலாளிக்கே அதன் அழகு முதலில் புலப்படும்.

சென்னை மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகளே முத்தையாவின் பல்கலைக்கழகமாயின. மத்திய இரயில் நிலையத்திற்கு அருகே 1900ஆம் ஆண்டு முதல் விளங்கிய அவ்வங்காடியில் கிடைக்காத பொருள் இல்லை என்பர். எடைக்கு வந்த காகிதத்தை அங்கு நூல்களாகப் பிரித்து வைத்திருப்பர். வருவோர் குவியலின்முன் குந்தி அமர்ந்து ஒவ்வொன்றாகப் புரட்ட வேண்டும். அட்டையற்ற நூலொன்றின் நடுப்பக்கத்தில் மடித்து வைத்த அறிக்கை ஒன்று எதிர்பாராமல் கைக்கு வரும். தேடியது கிடைக்காமல் தேடாதது கிடைக்கும் அந்தக் கணம் ஒன்றுக்காக எத்தனை வெறும் மாலைகளையும் பொறுத்துக்கொள்ளலாம். இவ்வின்பத்தை நுகர்ந்தவர் விடுவதில்லை. முத்தையாவும் விடவில்லை. சென்னையில் தொடங்கிய பழக்கம் வாழ்நாள் முழுவதும் அவரைப் பற்றிக்கொண்டது. 1985ஆம் ஆண்டு மே மாதத்தில் மூர் மார்க்கெட் தீக்கிரையாயிற்று. அன்று கடைகளில் கிடந்தவை சாம்பலாயின. அவர் முன்பே எடுத்துச் சென்றவை கோட்டையூரில் பிழைத்திருந்தன.

தாயூர் திரும்பிய அவருக்குச் செட்டிநாடே ஒரு பெரும் சுரங்கமாக வாய்த்தது. பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் வாணிகம் செய்து பொருளீட்டிய நகரத்தார், தேக்குத் தூண் நிறுத்திய மாளிகைகளில் எதையும் எறியாமல் பெட்டகங்களில் வைத்துப் பழகியவர்கள். இரண்டாம் உலகப் போருக்குப்பின் அயல்நாட்டுத் தொழில் நலிந்தது. பாகப்பிரிவினைகள் வந்தன. வீட்டுச் சாமான்கள் வெளியேறத் தொடங்கின. தூணுக்கும் நிலைக்கதவுக்கும் பித்தளைப் பாத்திரத்துக்கும் விலை பேச வணிகர் வந்தனர். சுவரிலிருந்த இரவிவர்மா படங்களும் விலைபோயின. இரவிவர்மா நமக்கு அயலார் அல்லர். செங்கோட்டைக் கணவாய் தாண்டியதும் வரும் திருவிதாங்கூர் நாட்டின் கிளிமானூரில் பிறந்தவர் அவர். 1894இல் பம்பாயில் அவர் நிறுவிய கல்லச்சுக்கூடமே தெய்வப் படங்களை ஏழை வீட்டுச் சுவருக்கும் கொண்டு சேர்த்தது. அத்தகைய படங்களை வாங்க ஆள் உண்டு. பெட்டகத்தின் அடியில் கிடந்த அழைப்பிதழ்க் கட்டையும் வணிக அறிவிப்பையும் கடிதத்தையும் வாங்க ஆள் ஏது? அடுப்புக்கும் கரையானுக்கும் உரிய அப்பொருளுக்கு முத்தையா உரிமை கொண்டாடினார்.

இத்தகைய தாள்கள் ஏன் அழிகின்றன என்பதற்குச் சட்டம் சார்ந்த காரணம் ஒன்றும் உண்டு. 1867ஆம் ஆண்டின் அச்சக, நூற்பதிவுச் சட்டம், அச்சாகும் நூல்களின் படிகளை அரசுக்கு அளிக்கவேண்டும் என்று விதித்தது. அதனால் நூல்களுக்குப் பட்டியல் உண்டாயிற்று. ஒருசில இலண்டன் நூலகத்தையும் அடைந்தன. கலியாணப் பத்திரிகையும் 'பிட் நோட்டீஸ்' எனப் பொதுமக்கள் வழங்கும் துண்டறிக்கையும் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. எவரேனும் விரும்பி வைத்துக்கொண்டால்தான் உண்டு. இங்கிலாந்தில் ஆக்சுபோர்டுப் பல்கலைக்கழக அச்சகத்தின் தலைமை அச்சராயிருந்த ஜான் ஜான்சன் என்பாரும் (1882–1956) இவ்வாறே குப்பைக்கூடைக்கு உரிய அச்சுத் துண்டுகளைத் தேடிச் சேர்த்தார். அச்சேகரிப்பு 1968இல் போட்லியன் நூலகத்தை அடைந்தது. அவரோ அச்சர்; முத்தையாவோ பலகை எழுதியவர். கையால் எழுத்தை ஆண்டவர்களே இரு நாட்டிலும் இப்பொருளின் அருமையை உணர்ந்தனர் என்பது எண்ணத்தக்கது.

இத்தாள்களால் விளையும் பயனுக்குச் சான்று தேட வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. செங்கோட்டையில் 1906இல் பிறந்த எஸ்.ஜி. கிட்டப்பா தமிழ் நாடக மேடையின் முடிசூடா மன்னராய் விளங்கி, 1933 டிசம்பரில், இருபத்தேழே வயதில் மறைந்தார். பேசும்படம் வந்துவிட்ட காலத்திலும் அவர் திரையில் தோன்றவில்லை. அவர் குரல் ஒருசில இசைத்தட்டுகளில் எஞ்சியுள்ளது. அவர் எந்த ஊரில், எந்த நாளில், எந்த நாடகத்தில், எவரோடு நடித்தார், நுழைவுக் கட்டணம் யாது, பெண்டிர்க்குத் தனியிடம் உண்டா, கடைசி வண்டி புறப்படுமுன் நாடகம் முடியுமா என்பனவற்றை யார் சொல்வார்? அக்கால நாடக நோட்டீஸ் ஒன்றே சொல்லும். தன் ஊர் ஈன்ற கலைஞனின் நோட்டீஸ் ஒன்றேனும் நம் வட்டாரத்தில் எத்தனை வீட்டில் உள்ளது என்று வினவினால், விடை நமக்கு மகிழ்ச்சி தராது.

திரைப்படத்தின் நிலையும் இதுவே. முதல் தமிழ்ப் பேசும்படமாகிய காளிதாஸ் 1931 அக்டோபர் 31இல் வெளிவந்தது. அதன் படச்சுருள் இன்று உலகில் எங்கும் இல்லை. முப்பதுகளில் வந்த படங்களுள் பெரும்பாலானவற்றுக்கும் அக்கதியே நேர்ந்தது. கொட்டகை வாயிலில் அணாக் கணக்கில் விற்ற பாட்டுப் புத்தகமே அவற்றின் எச்சம். அட்டையில் கதாநாயகியின் படம், உள்ளே நடிகர் பட்டியல், கதைச் சுருக்கம், பாட்டுகள், இறுதி அட்டையில் சோப்பு விளம்பரமோ தலைவலி மருந்து விளம்பரமோ இருக்கும். கதைச் சுருக்கம் முக்கியமான கட்டத்தில் நின்றுவிடும். மீதியைத் திரையில் காணுமாறு சொல்லிவிடுவர். இன்று திரையும் இல்லை, சுருளும் இல்லை. அப்படங்கள் பலவற்றின் முடிவு யாருக்கும் தெரியாமலே போயிற்று. அன்று செய்த வணிகத் தந்திரம் வரலாற்றுக்கே வினையாக முடிந்தது.

இசுலாமியத் தமிழிலக்கியம் பயில்வோருக்கும் இதில் பங்குண்டு. கிஸ்ஸா, மசாலா, நாமா, படைப்போர், முனாஜாத்து என நம் புலவர் வளர்த்த சிற்றிலக்கியங்கள் பல, மலிந்த விலையில், பழுப்புத் தாளில் சிறு சுவடிகளாக அச்சாகிச் சந்தைகளிலும் கந்தூரி விழாக்களிலும் விற்கப்பட்டன. பெரிய எழுத்துக் கதைப்புத்தகங்களோடு ஒரே கூடையில் கிடந்தவை அவை. நூலகம் வாங்கத் தகுதியற்றவை என ஒதுக்கப்பட்டதால் இன்று ஒரு பாடலின் முதற்பதிப்பைக் காணவேண்டுமாயின் இத்தகைய தனியார் சேகரிப்பையே நாடவேண்டியுள்ளது.

பழந்தாளின் காலத்தைக் கணிப்பதும் தனியொரு சுவை. பெரும்பாலான நோட்டீஸ்களில் ஆண்டு இராது. கிழமையும் தேதியும் மட்டுமே இருக்கும். தேதியும் கிழமையும் பொருந்தும் ஆண்டுகளைக் கணக்கிட்டுக் குறைத்துக்கொண்டே வரவேண்டும். திருமண அழைப்பிதழில் பிரபவ, விபவ என்ற அறுபதாண்டு வட்டப் பெயர் இருக்கும். பாட்டன் மணமா பேரன் மணமா என்ற ஐயம் எழும். முசுலிம் வீட்டு அழைப்பிதழாயின் ஹிஜ்ரி ஆண்டு ஐயத்தைப் போக்கிவிடும். எதுவும் இல்லையாயின் எழுத்தின் வடிவத்தைப் பார்க்கவேண்டும். தும்பிக்கை போல் மேலே வளைந்த பழைய லை, னை, ணை வடிவங்கள் இருப்பின், பெரியார் தம் ஏடுகளில் கையாண்ட சீர்திருத்த எழுத்தை அரசு 1978இல் ஏற்பதற்கு முற்பட்டதாக அது இருத்தல் கூடும். எனினும் பழைய அச்செழுத்தையே பின்னரும் பயன்படுத்திய அச்சகங்கள் உண்டு. ஆதலின் இக்கணிப்பில் எச்சரிக்கை வேண்டும். மாணவர்க்கு இதனினும் சிறந்த ஆய்வுப் பயிற்சி இல்லை எனலாம்.

இவ்வளவு தாளும் ஒரு வீட்டில் வாழ வேண்டுமாயின் மனிதர் ஒதுங்கத்தான் வேண்டும். சேகரிப்பாளர் இல்லத்தில் பணமும் இடமும் யாருக்கு முதலில் என்பது எங்கும் உள்ள வழக்கு. இன்பம் ஒருவருக்கு, இடர் அனைவருக்கும் என்று இல்லத்தார் சலித்துக்கொள்வதில் நியாயம் இல்லாமற் போகாது. சேர்த்ததைப் பூட்டி வைத்து மகிழ்வோரும் உளர். முத்தையா அவ்வகையினர் அல்லர். ஆய்வாளர் பலர் கோட்டையூருக்குச் சென்று அவர் சேகரிப்பைப் பயன்படுத்தினர். பல்கலைக்கழகங்களில் இல்லாத ஏடு ஒரு சிற்றூர் வீட்டில் இருக்கிறது என்ற செய்தி கடல் கடந்தும் பரவிற்று. பட்டம் பெறாத ஒருவரைத் தேடிப் பட்டம் பெற வருவோர் சென்றனர்.

1992இல் அவர் மறைந்தபோது அவர் திரட்டியவை ஏறத்தாழ ஓர் இலட்சம் உருப்படிகள் என மதிப்பிடப்பட்டன. நூல்கள், இதழ்கள், அழைப்பிதழ்கள், நாடக அறிவிப்புகள், பாட்டுப் புத்தகங்கள், கடிதங்கள், படங்கள் எல்லாம் அதில் அடங்கும். இனி இவை என்ன ஆகும் என்ற கேள்வி எழுந்தது. சேகரிப்பாளர் இறந்ததும் சேகரிப்பு சிதறுவதே உலக வழக்கம். நல்ல நூல்களைப் பொறுக்கிக்கொண்டு உதிரித்தாள்களை எடைக்குப் போடுவது அதனினும் எளிய வழி. அவ்வாறு நேர்ந்திருந்தால் ஐம்பதாண்டு உழைப்பில் ஒப்பற்ற பகுதி ஒரு தள்ளுவண்டியில் முடிந்திருக்கும்.

அவ்வாறு நேரவில்லை. அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகம் 1994இல் அதனை முழுமையாக விலைக்கு வாங்கியது. அப்பல்கலைக்கழகத்தின் தெற்காசிய நூற்றொகைப் பொறுப்பாளர் ஜேம்ஸ் நை இதில் முன்னின்றார். மொழி அறக்கட்டளை துணைநின்றது. வாங்கியவர்கள் அதனைக் கப்பலேற்றவில்லை. மூலத்தாள்கள் தமிழ்நாட்டிலேயே இருக்கவேண்டும், நுண்படச் சுருளே கடல் கடக்கவேண்டும் என்பது ஏற்பாடு. கோட்டையூரிலிருந்து சென்னை வந்த சேகரிப்பு முகப்பேரில் ஒரு நூலகமாகி 1996இல் ஆய்வாளர்க்குத் திறந்துவிடப்பட்டது. பின்னர்த் தரமணிக்கு இடம் மாறியது.

நம் செல்வத்தை அயலார் விலைகொடுத்து வாங்கும் நிலை வந்ததே என வருந்துவோர் உண்டு. வருத்தம் முறையானதே; ஆனால் அதன் முகவரி சிகாகோ அன்று. இரண்டாண்டுக் காலம் அச்சேகரிப்பு கோட்டையூரில் காத்திருந்தது. தமிழ்நாட்டில் அப்போதும் பல்கலைக்கழகங்கள் இருந்தன, செல்வர்களும் இருந்தனர். வாங்கியவர்கள் பொருளை இங்கேயே விட்டு வைத்ததோடு, பேணும் முறையையும் நம் இளைஞர்க்குக் கற்பித்தனர் என்பதை நன்றியுடன் சொல்லவேண்டும். காகிதத்தின் அமிலத்தைத் தணித்தல், குளிரூட்டிய அறையில் வைத்தல், படியெடுத்தபின் மூலத்தைக் கைபடாமல் காத்தல் முதலிய முறைகள் அன்று நம் நூலகங்கள் பலவற்றுக்குப் புதியவை.

நம் வட்டாரத்தின் உதிரித்தாள்களை எண்ணிப் பார்ப்போம். செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்தமையால் அந்நாட்டு அஞ்சல் அட்டைகள் சில பழைய வீடுகளில் இன்னும் இருத்தல் கூடும். 1904இல் திறந்த செங்கோட்டை–கொல்லம் இருப்புப்பாதையின் பழைய பயணச்சீட்டுகள், ஊர்தோறும் பெண்டிர் சுற்றிய பீடியின் வண்ண முத்திரைத் தாள்கள், கோவில்பட்டியில் 1976 வரை வாழ்ந்த ஓவியர் கொண்டையராஜு வரைந்து சிவகாசியில் அச்சான நாட்காட்டிப் படங்கள், பொட்டல்புதூர்க் கந்தூரி அழைப்புகள், கடையநல்லூர் நெசவாளர் சேலைக்கட்டில் ஒட்டிய சீட்டுகள் ஆகியன எவர் வீட்டுப் பரணிலாவது இருக்கலாம். குற்றாலத்தில் வாழ்ந்து 1954இல் மறைந்த இரசிகமணி டி.கே.சி.யின் கடிதங்கள் நூலாகி நம் கைக்கு வந்ததற்குக் காரணம், அவற்றைப் பெற்றவர்கள் படித்து முடித்ததும் எறியாமல் வைத்திருந்ததே அல்லவா?

தரமணி நூலகத்தில் பின்னாளில் வேறு பல அறிஞர்களின் சேகரிப்புகளும் வந்து சேர்ந்தன. கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் முயற்சியால் 2007இல் சிந்துவெளி ஆய்வு மையமும் அங்கே தோன்றியது. நுண்படச் சுருளைத் தொடர்ந்து கணினிப் படிகள் வந்தன. கோட்டையூர்ப் பெட்டகத்தின் அடியிலிருந்து மீண்ட அழைப்பிதழ்களும் பாட்டுப் புத்தகங்களும் அட்டைப் பெட்டிகளில் எண்ணிடப்பெற்று, கேட்பவர் மேசைக்கு வருகின்றன. விலை கொடுத்த பல்கலைக்கழகம் தன் பெயரை அந்நூலகத்திற்கு இடவில்லை. வாயிற்பலகையில் இருப்பது, ஒருகாலத்தில் பிறர் கடைகளுக்குப் பலகை எழுதிய ரோஜா முத்தையாவின் பெயர்.